பந்தி, கூலி, தொடுகை: பரிசுத்தத்தின் அளவுகோல்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து திருத்தணி மலையேறும் பக்தர்கள் மாலை போட்டு, புலால் விலக்கி, விரதமிருந்துதான் படியில் கால் வைக்கிறார்கள். மலையிலிருந்து சற்றுத் தொலைவில், ஆர்.கே.பேட்டையை அடுத்து, தறிச்சத்தம் ஓயாத அம்மையார்குப்பம் இருக்கிறது. கடவுளை நெருங்குகிறவன் தூயவனாக இருக்க வேண்டும் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே சிறுபான்மையாக வாழும் கிறிஸ்தவர்களுக்கும் நாற்பது நாள் தவக்காலம் உண்டு, உபவாசம் உண்டு, ஓய்வுநாள் ஒழுங்கு உண்டு. தூய்மை வேண்டுமா என்பதில் இங்கே வழக்கில்லை. தூய்மையை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் வழக்கு. ஒருவர் எத்தனை மணிநேரம் ஜெபிக்கிறார், எதையெல்லாம் விலக்கி வைத்திருக்கிறார் என்பவையே பரிசுத்தத்தின் கணக்கு என்று சபைகளில் பலரும் எண்ணுகிறோம். வேதாகமத்தையும் இந்தப் பகுதியின் கிறிஸ்தவ வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் வேறொரு அளவுகோல் கிடைக்கிறது. கடவுளுக்குச் செலுத்தும் கனம் உண்மையானதா என்பது, அவர் உண்டாக்கிய மனிதனுக்கு நாம் செலுத்தும் கனத்தில் சோதிக்கப்படுகிறது. யாரோடு பந்தியில் அமர்கிறோம், யாருக்குக் கூலியை எப்போது கொடுக்கிறோம், யாரைத் தொடுகிறோம் என்ற மூன்று இடங்களில் அந்தச் சோதனை நடக்கிறது.

வேதாகமத்தில் பரிசுத்தத்தின் சாசனம் என்று சொல்லத்தக்க பகுதி லேவியராகமம் 19ஆம் அதிகாரம். கடவுள் பரிசுத்தராக இருப்பதால் மக்களும் பரிசுத்தராக இருக்க வேண்டும் என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. அடுத்து வருவது முழுக்கப் பலிபீடச் சடங்காக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிப்பவருக்கு வியப்புக் காத்திருக்கிறது. பெற்றோருக்கு அஞ்சுவதும் ஓய்வுநாளைக் காப்பதும் ஒரே வசனத்தில் வருகின்றன. பலியைப் பற்றிய சில வரிகளுக்குப் பிறகு பேச்சு வயலுக்கு இறங்குகிறது. அறுவடையில் வரப்போரக் கதிரை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் அயலானுக்கும் உரியவை என்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன் கையில் தங்கக் கூடாது என்கிறது. செவிடனை நிந்திப்பதையும் குருடனின் வழியில் இடறல் வைப்பதையும் தடுக்கிறது. தீர்ப்பில் ஏழைக்கென்றும் பெரியவனுக்கென்றும் முகம் பார்க்காதே என்கிறது. நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்கச் சொல்கிறது. அயல்நாட்டானை உன்னைப்போல் நேசி என்கிறது. கடைசியில் தராசுக்கும் படிக்கும் அளவுகோலுக்கும் வந்து முடிகிறது. இவற்றில் பலவற்றின் முடிவிலும் ‘நானே கர்த்தர்’ என்ற முத்திரை திரும்பத் திரும்ப விழுகிறது. கூலியையும் படிக்கல்லையும் கடவுள் தம் பெயரோடு பிணைத்துக்கொண்டார் என்பதுதான் இதன் பொருள்.

தீர்க்கதரிசிகள் இந்தப் பிணைப்பை மக்கள் அறுத்த இடங்களைக் காட்டிக் கொதித்தார்கள். ஆமோஸின் காலத்தில் பண்டிகைக்கும் பாடலுக்கும் குறைவில்லை, நியாயம்தான் இல்லை. ஏசாயாவின் 58ஆம் அதிகாரம் சொல்லும் மக்கள் உபவாசம் இருந்தார்கள். அதே நாளில் வேலைக்காரர்களையும் வருத்தினார்கள். குருடும் முடமுமான விலங்கைப் பலிக்குக் கொண்டுவந்த ஆசாரியர்களிடம், தகப்பனுக்குரிய கனம் எனக்கு எங்கே என்று கடவுள் கேட்பதாக மல்கியா எழுதினார். இங்கே குறைபட்ட பொருளைக் கடவுளுக்குக் கொடுப்பது அவமதிப்பு. நீதிமொழிகளோ இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது: ஏழையை ஒடுக்குகிறவன் அவனைப் படைத்தவரையே நிந்திக்கிறான், ஏழைக்கு இரங்குகிறவன் அவரைக் கனம்பண்ணுகிறான் என்பது அந்நூலின் 14ஆம் அதிகாரம் தரும் தீர்ப்பு. இயேசுவும் இதே கோட்டில் நின்றார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டேன் என்று கைகழுவும் பக்தியை அவர் கடுமையாகக் கண்டித்தார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகட்டும் என்றார். ஆராதனையை நடுவில் நிறுத்திவைக்கும் அளவுக்கு மனித உறவு முக்கியமானது என்று சொன்னவர், ஆராதனைக்கு உரியவராகக் கிறிஸ்தவர்கள் வணங்கும் அவரேதான்.

இந்த அளவுகோலை அம்மையார்குப்பம் போன்ற ஒரு நெசவூரில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை தெரியும். நெசவாளியின் வருமானம் சேலைக்கு இவ்வளவு என்ற கூலியில் நிற்கிறது. பாவு ஓட்டுவது, அறுந்த இழையை முடிவது, தார் சுற்றுவது என்று வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை பெரும்பாலும் தனிக் கணக்கில் வருவதில்லை. சேலைக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மின்சாரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். நெசவூர்களில் முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை அந்த முதலாளியைவிட்டு நகர முடிவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் நூல் வாங்கி நெய்வித்து விற்கும் ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காலையில் மணிக்கணக்காக ஜெபிக்கிறார். தசமபாகம் தவறாமல் கொடுக்கிறார். அவருடைய பரிசுத்தத்தை லேவியராகமம் எங்கே போய்ப் பார்க்கும்? முடித்த சேலைகளை எண்ணி மடித்து வைக்கும் நாளில் கூலியைக் கையில் கொடுத்தாரா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பினாரா என்று பார்க்கும். ஓரிழைப் பழுதுக்கு எவ்வளவு பிடித்தார், அந்தப் பழுது நெய்தவர் கையால் வந்ததா தாம் கொடுத்த மட்டமான நூலால் வந்ததா என்று கேட்கும். அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதினார். அந்தக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தசமபாகம் மல்கியா கண்டித்த முடமான பலியைப் போன்றதே.

பக்தியின் தீவிரம் தானாகவே பரிசுத்தத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டாம். தமிழ்த் திருச்சபையின் வரலாறே போதும். 1706 ஜூலை 9ஆம் நாள் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்கள் வழிவந்த சபைகளில் வேதாகமம் தமிழானது, பள்ளிகள் எழுந்தன, கீர்த்தனைகள் பிறந்தன. அதே சபைகளில் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு புறமும் ஒடுக்கப்பட்டோர் மறு புறமுமாக அமர்ந்தார்கள். திருவிருந்திலும் முன்வரிசை பின்வரிசை இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து உடனடியாக, முற்றாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினார்கள். சாதி வழக்கத்தை ஆதரித்து முன்னின்று எழுதியவர்களில் ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். தமிழ்க் கிறிஸ்தவப் பாடலுக்கு அவர் தந்த கொடைக்கு ஈடில்லை. அவருடைய பக்தி ஐயத்துக்கு இடமற்றது. அப்படிப்பட்டவரால்கூட, உடன் விசுவாசிக்குப் பக்கத்தில் அமர்வதை விசுவாசத்தின் கடமையாகக் காண முடியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே கதை நடந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதியால் பிரிந்தவர்கள் பீடத்தைப் பார்த்தபடி ஒருவரையொருவர் பார்க்காமல் அமர இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. இடையிலிருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து வழக்கு நடந்தது. பிரிந்து அமர்ந்தவர்கள் யாரும் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். பாட்டும் ஜெபமும் நோன்பும் நிறைந்திருந்தும் ஒரு சபை பரிசுத்தத்தில் தவற முடியும் என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

சாதிக்காக வாதாடியவர்கள் அன்று சொன்ன காரணத்தை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். சாதி ஊர் வழக்கம். அது சமயம் சார்ந்ததல்ல. ஆன்மா கடவுளுக்கு முன் சமமாக இருக்கையில் உடல் எங்கே அமர்ந்தால் என்ன என்பது அவர்கள் வாதம். ஐரோப்பியரும் பிரபுவையும் வேலைக்காரரையும் ஆலயத்தில் வேறு வேறு இருக்கையில்தானே அமர்த்துகிறார்கள் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஐரோப்பியரின் இருக்கை வரிசையும் கண்டனத்துக்கு உரியதே. ஆனால் இருக்கை சிறிய காரியம் என்ற கூற்று வேதாகமத்தின் முன் நிற்காது. யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் தொடங்குவதே இருக்கையைப் பற்றித்தான். பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தல் கட்டியவனைக் காலடியில் உட்காரச் சொல்வதை, அன்பின் சட்டத்தையே மீறும் பாவம் என்று அது தீர்க்கிறது. பந்தி சிறிய காரியம் என்றும் சொல்ல முடியாது. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதை நிறுத்தி ஒதுங்கியபோது, பவுல் அவரை எல்லோருக்கும் முன்பாக எதிர்த்தார். இத்தனைக்கும் பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. இலையை மட்டும்தான் மாற்றிப் போட்டார். நற்செய்தியின் சத்தியத்துக்கு நேராக அவர் நடக்கவில்லை என்பதே பவுலின் குற்றச்சாட்டு. உட்காரும் இடத்திலும் உண்ணும் இலையிலும் ஒரு சமயத்தின் உண்மை வெளிப்படுகிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டாம்.

இந்த உண்மையை வாழ்ந்து காட்டிய முயற்சிகளும் இதே நிலப்பரப்பில் நடந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை திருத்தணிப் பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. பிறகு ஆந்திரத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்துக்கு வந்தது. அந்தப் பழைய வட ஆற்காட்டில் 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷன், சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக வைத்தது. விதி வைப்பது வேறு, கூடி வாழ்வது வேறு. கூடி வாழும் முயற்சியாக 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதைத் தொடங்கிய இருவரும் மருத்துவர்கள்: தமிழரான யேசுதாசன், ஸ்காட்லாந்தவரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள், ஒரே கூரையின்கீழ் எளிய உணவை எல்லோரோடும் பகிர்ந்தார்கள். ஆசிரமத்தில் யேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரருக்கு எதிரே இந்தியர் உட்காரத் தயங்கிய காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் தமிழர் ஒருவரைத் தமக்கு மூத்தவராக ஏற்று இளையவராக வாழ்ந்தார். திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்த அவர்களுடைய ஜெபாலயத்தில் அன்றாட வழிபாடு நடந்தது. பக்கத்திலேயே நோயாளிகளுக்கு மருத்துவம் நடந்தது. 1932இல் சட்டமறுப்புக் காலத்தில் சென்னையில் பேட்டன் காவல்துறையின் தாக்குதலுக்கும் ஆளானார். அவர்களுடைய துறவு கதவைச் சாத்திக்கொண்ட துறவாக இருக்கவில்லை. திருமணம், சொத்து, பதவி ஆகியவற்றை விலக்கியது மனிதரை விலக்குவதற்காக அல்ல. மனிதருக்காகக் கை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

தொடுகையின் சோதனைக்கு வேலூர் சான்று தருகிறது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. அங்கே 1946இல் வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைப் பற்றிப் பார்த்தார். அன்று ஊரும் உறவும் மட்டுமல்ல, மருத்துவமனைகளும் அவர்களைச் சேர்க்கத் தயங்கின. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்வு மரத்துப்போவதால் வரும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை அவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளுடன் இருந்து கவனித்துக் கண்டார்கள். நரம்பு செயலிழந்து கொக்கிபோல் மடங்கிப்போன விரல்களோடு, முன்கையில் நலமாக இருந்த தசையின் நாணைக் கொண்டுவந்து இணைத்து, அந்தக் கை மீண்டும் விரிந்து மூடும்படி செய்தார்கள். அதோடு வேலை முடியவில்லை. கை சரியானவர்களுக்கும் ஊரில் யாரும் வேலை தரவில்லை. மடங்கிய கையைக் காட்டிப் பிச்சை எடுக்கவும் இனி முடியாது. ஆகவே அவர்கள் தங்கித் தொழில் பழக நவஜீவ நிலையம் அமைந்தது. அதே மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். நற்செய்தி நூல்களில் இயேசு தொழுநோயாளியைச் சொல்லால் மட்டும் குணமாக்கியிருக்கலாம். கை நீட்டித் தொட்டார் என்றே மாற்கு எழுதுகிறார். தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் அஞ்சிய இடத்தில், அவருடைய தூய்மையே எதிரே இருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிச் சொல்லும்போது எழும் முதல் மறுப்பு, இது சமயத்தைச் சமூகத் தொண்டாகச் சுருக்குகிறது என்பது. கூலியும் மருத்துவமும் போதுமென்றால் ஜெபமும் ஆலயமும் எதற்கு? கிருபையால் மீட்பு என்ற அடிப்படையே செயலால் மீட்பு என்று மாறிவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. செயலைப் பற்றிய பெருமை பக்தியைப் பற்றிய பெருமையைவிட எந்த வகையிலும் மேலானதல்ல. ஆனால் வேதாகமம் இரண்டையும் அடுக்கியிருக்கும் வரிசையே இதற்கு விடை. லேவியராகமத்தின் கட்டளைகள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஏற்கெனவே மீட்கப்பட்ட மக்களுக்குச் சொல்லப்பட்டவை. மீட்பைச் சம்பாதிக்கும் வழியாகச் சொல்லப்பட்டவை அல்ல. பவுல் ரோமருக்கு எழுதியபோதும் பதினொரு அதிகாரம் கடவுளின் இரக்கத்தைப் பேசிவிட்டு, பன்னிரண்டாவதில்தான் உடலையே உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று கேட்டார். ஜெபம் ஊற்று, நடத்தை அந்த ஊற்றுக்குச் சாட்சி. கிறிஸ்துகுல ஆசிரமத்தில் வழிபாட்டு நேரத்தைக் குறைத்து மருத்துவம் நடக்கவில்லை. வழிபாடுதான் அவர்களை நோயாளியிடம் அனுப்பியது. ஆகவே இங்கே கேட்கப்படுவது ஜெபத்தைக் குறைக்கும்படி அல்ல. ஜெபம் உண்மையா என்று சோதித்துக்கொள்ளும் இடம் எது என்பது மட்டுமே கேட்கப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு, உலகத்திலிருந்து பிரிந்திருங்கள் என்ற கட்டளையைப் பற்றியது. குடி, இச்சை, பொய், ஊழல் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்காத ஒருவர் எப்படிப் பரிசுத்தர் ஆவார் என்று கேட்கிறார்கள். விலகத்தான் வேண்டும். தூய பக்தி எது என்று சொல்லும் யாக்கோபு, துன்பத்திலிருக்கும் அநாதைகளையும் விதவைகளையும் விசாரிப்பதையும் உலகத்தால் கறைபடாமல் தன்னைக் காப்பதையும் ஒரே வசனத்தில் வைத்தார். ஒன்றைப் பிடித்து மற்றதை விட இடமில்லை. விலகல் யாரிடமிருந்து, எதிலிருந்து என்பதே கேள்வி. தீமையிலிருந்து விலகுவது கட்டளை. மனிதரிடமிருந்து விலகுவது கட்டளையல்ல. தம் சீடரை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி இயேசு வேண்டவில்லை. தீமையிலிருந்து காக்கும்படியே வேண்டினார். சினிமாவையும் நகையையும் விட்டவர், அண்டை வீட்டாரோடு பேச்சையும் விட்டுவிட்டால் பாதி கட்டளையைத்தான் நிறைவேற்றியிருக்கிறார். தறிக் கொட்டகையில் பொய்க் கணக்கு எழுத மறுப்பவரும், கடன்பட்ட கூலிக்காரரைத் திட்டாதவரும் தீமையிலிருந்து நன்றாகவே விலகியிருக்கிறார். அவர் மனிதரிடமிருந்து ஓரடியும் விலகவில்லை.

மூன்றாவது மறுப்பு வெளியிலிருந்து வருவது. இந்த மிஷன்கள் ஆங்கிலேய ஆட்சியின் நிழலில் வளர்ந்தவை. நல்ல நடத்தை எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. கிறிஸ்தவர்கள் அதைத் தமக்கே உரியதாகக் காட்டுவது ஏன்? திருத்தணியில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கிறது. 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரீஸ் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று அங்கே எழுந்த விமரிசனம் அவரைச் சுட்டது. 1908இல் முதுகலைக்காக அவர் எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றியது. அது அந்த விமரிசனத்துக்கான விடை. இந்த வாதத்தில் இரு தரப்பும் ஒரே நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டன: ஒரு நம்பிக்கை எப்படிப்பட்ட நடத்தையைப் பிறப்பிக்கிறது? அந்த நீதிமன்றத்தில் பிறரை நிறுத்திய கிறிஸ்தவர்கள் தாமும் நிற்கக் கடமைப்பட்டவர்கள். ஆட்சியாளரோடு ஒட்டி நின்ற மிஷனரியும், சாதிச் சுவர் எழுப்பிய சபையும் அங்கே குற்றவாளிகளே. பிறரிடமும் நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதால் கிறிஸ்தவருக்கு இழப்பு எதுவுமில்லை. அயலான் யார் என்று கேட்டவனுக்கு இயேசு எடுத்துக்காட்டாக நிறுத்தியது ஒரு சமாரியனை. கேட்டவனின் இனமும் சமயமும் வெறுத்து ஒதுக்கிய ஒருவனை. பரிசுத்தம் நமக்கே உரிய சொத்து என்று பெருமை கொள்ள நற்செய்தி இடம் தரவில்லை. அது நம்மிடம் கேட்கப்படும் கணக்கு.

தீர்ப்பு தெளிவானது. எவ்வளவு ஜெபித்தோம், எதை விலக்கினோம் என்பதைக் கொண்டு மட்டும் பரிசுத்தத்தை அளந்த சபைகள், சாதிக்கொரு வரிசையைப் பாடிக்கொண்டே காத்தன. மனிதனைக் கனம்பண்ணுவதைக் கொண்டு அளந்தவர்கள் பந்தியைப் பொதுவாக்கினார்கள், மடங்கிய கையை விரித்தார்கள், அந்தக் கைக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். தவக்காலம் கடைப்பிடிக்கும் ஒவ்வொரு சபையும் இந்த மூன்று சோதனைகளையும் தன் வாசலிலேயே நடத்திப் பார்க்கலாம். திருவிருந்தில் யார் கடைசியில் வருகிறார்கள், ஏன்? நம்மிடம் வேலை செய்பவரின் கூலி எந்தக் கிழமை அவர் கைக்குப் போகிறது? நோயாலோ, பிறப்பாலோ, வறுமையாலோ ஒதுக்கப்பட்ட யாருடைய வீட்டுக்கு இந்த ஆண்டு போனோம்? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தயங்குகிற சபை, நோன்பை இன்னும் சில நாள் நீட்டுவதற்கு முன், கொடுக்க வேண்டிய கூலியை இன்றைக்கே கொடுத்துவிடட்டும். பிரித்துப் போட்ட இலையை இன்றைக்கே சேர்த்துப் போடட்டும்.